ஆறு பச்சைப் பட்டன்கள்

லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். மனைவியிடம் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயித்தே தீருவது! ஆயுதத்தை முந்தின நாளே தேடிக் கண்டுபிடித்திருந்தார். 'மனைவியை மடக்க மணியான வழிகள்' என்று ஒரு புத்தகம். இன்டர்நெட்டில் இலவசமாம்.

மனைவி தையல்காரி. நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வாடிக்கைக்காரர்களின் அளவுகள், டிசைன்கள் அத்தனையும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தாள். "என் பொழைப்பே அதுக்குள்ள இருக்கு. கண்டதையும் டவுன்லோட் பண்ணாதீங்க" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நூறு தடவை சொன்னால் எந்தப் புருஷன் காதில் ஏறும்?

பக்கத்தைத் திறந்தார். 'டவுன்லோட்' என்று ஒன்றல்ல, ஆறு பச்சைப் பட்டன்கள்! எது அசல், எது போலி? மனுஷனுக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, தொழில் கைகொடுத்தது. லிஃப்டில் பச்சை என்றால் பத்திரம். வரவில்லையா, மறுபடி அழுத்து. ஆறையும் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

வந்தது பாருங்கள்! புத்தகத்தைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. ஒரு மூலையில் சீட்டாட்டம், இன்னொரு மூலையில் முடி வளர்க்கும் எண்ணெய். நடுவில், 'ஐயோ வைரஸ்! சுத்தம் செய்ய இங்கே அழுத்தவும்' என்று சிவப்பாக ஓர் அலறல். சுத்தம் நல்லதுதானே என்று அதையும் அழுத்தினார். ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தது. கடைசியில் திரையே இருண்டு போனது.

வாசல் கதவு திறந்தது.

"என்ன இப்படி வேர்த்து ஊத்துது?"

"புழுக்கம்."

"ஃபேன் ஓடுதே?"

"அது ஓடுது... நான்தான் ஓட முடியாம நிக்கறேன்."

அவள் இருண்ட திரையைப் பார்த்தாள். "எத்தனை பட்டன்?"

"ஆறு." அழாத குறைதான். "உன் அளவெல்லாம் போச்சாம்மா? புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்."

"ஒண்ணும் போகலை. உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியாதா? எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டுத்தான் கடைக்கே கிளம்பினேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மனைவியை மடக்கற புஸ்தகம்தானே?" என்றாள்.

வந்த உயிர் மறுபடி போனது. "உனக்கெப்படி..."

"நீங்க தேடினதெல்லாம் கம்ப்யூட்டர்லயே நிக்குது, நேத்தே பார்த்தேன். எழுதினவரோட சொந்தப் பக்கத்துல போய் இறக்கி, வைரஸ் இருக்கான்னு பார்த்து, பிரின்ட்டும் எடுத்தாச்சு."

"எங்கே, எங்கே?"

தையல் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். காலர் வடிவத்தில் வெட்டியிருந்தது. 'முதல் வழி:' என்பது வரைதான் மிச்சம். வழி கத்தரிக்கோலோடு போய்விட்டது.

"உங்க சட்டைக்கு மாதிரி வெட்டப் பேப்பர் பத்தலை. சரியா இருக்கான்னு பார்க்கணும், கழுத்தை நீட்டுங்க."

நீட்டினார்.