மூன்று வரிசைக்கும் ஒரே தண்ணீர்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.

அன்புள்ள மச்சான் நீலமேகத்துக்கு,

செங்குட்டுவன் எழுதுவது. நானும் உன் அக்கா தாயம்மாவும் சுகம். எங்கள் மகள் செங்கொடிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அவளும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. வியாசர்பாடியில் உன் வீட்டில் எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. ஃபவுண்டரியில் சங்கம் நடத்தியவனுக்கு எழுத்தில் கொடுத்தால்தான் கோரிக்கை.

செங்கொடி மாதவரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நெல்லை வைத்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்கிறாள் என்பது எனக்கே போன மாதம்தான் புரிந்தது. நெல்லுக்குள் ஆயிரக்கணக்கில் ஜீன்கள் இருக்கின்றனவாம், அதில் ஒன்று இலையின் துவாரங்களைச் சரியாக மூடவிடாமல் உள்ளே இருக்கிற தண்ணீரை வீணாக்குகிறதாம், அதை மட்டும் வெட்டிவிட்டால் மழை இல்லாவிட்டாலும் பயிர் தாங்கும் என்பது இவர்கள் கணக்காம். வெளியிலிருந்து புதிதாக எதையும் சேர்க்கவில்லை, உள்ளே இருந்த ஒன்றை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான் என்றாள். நோட்டீஸ் கொடுத்தீர்களா, விசாரணை வைத்தீர்களா என்று கேட்டேன். அன்றைக்கே முறைத்தாள்.

பொங்கல் லீவில் அங்கே ஆள் இல்லாத நேரம் பார்த்து இவள் காய்ச்சலில் விழுந்தாள். சாவியை என்னிடம் கொடுத்து, முதல் வரிசைத் தொட்டிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்று, மற்ற இரண்டு வரிசையையும் தொடாதே என்றாள். போய்ப் பார்த்தால் முதல் வரிசை கொழுகொழு என்று நிற்கிறது, இரண்டாவது வரிசை, ஜீன் வெட்டாத சாதா நெல், இலை சுருண்டு சாகக் கிடக்கிறது, மூன்றாவது, அதுதான் ஜீன் வெட்டின நெல், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் தெருவில் தண்ணி லாரி வந்தால் வரிசை பிடிப்பது நான்தான். மாடி வீடு, ஓட்டு வீடு என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவு குடம் வாங்கிக் கொடுத்த கை இது, சும்மா இருக்குமா? மூன்று வரிசைக்கும் சமமாக ஊற்றிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன்.

செங்கொடி பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “இன்னா நைனா இப்டி பண்ணிக்கீற? அது காயணும். காஞ்சாதான் எது தாங்குது, எது தாங்கலன்னு தெரியும்.”

“அதுங்களும் செடிதானம்மா” என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். கதிர் விடும் நேரமாம், அந்த நேரத்தில் காயப்போடுவதுதான் பரீட்சையாம், இனி விதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம், பட்டம் தள்ளிப்போகுமாம். இதையெல்லாம் தாயம்மா மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவளும் மகள் பக்கம் சேர்ந்துவிட்டாள். வேளைக்குச் சோறு வருகிறது, பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

நீ சொன்னால் அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து புத்தி சொல். அவள் என்னோடு பேச வேண்டும், சமமாகப் பங்கு போட்டது குற்றமில்லை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

உன் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வரட்டும், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
செங்குட்டுவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது செங்கொடியின் பேராசிரியர் அருள்நாதன் போன் செய்தார். “உங்க பொண்ணுக்கு நீங்களாவது சொல்லுங்க சார். ஜுரத்தோட வந்து, செடி வாடுதுன்னு மனசு கேக்காம எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திட்டேன்னு சொல்றா. இவ்ளோ இளகின மனச வெச்சுக்கிட்டு எப்படி ஆராய்ச்சி பண்றது?” என்றார். அன்றைக்கு அவள் பாயை விட்டே எழுந்திருக்கவில்லை. என் பெயரை அவரிடம் சொல்லவே இல்லை. சங்கத்தில் இத்தனை காலம் இருந்தேன், எனக்காக ஒருத்தரும் இப்படிப் பழியை ஏற்றுக்கொண்டதில்லை. அழுதுவிட்டேன் மச்சான். ஊற்றியது நான்தான் என்று அவரிடம் நேரில் சொல்ல மாதவரம் கிளம்பிவிட்டேன். நீ வர வேண்டாம். மேலே கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் நிபந்தனையின்றி வாபஸ் வாங்குகிறேன்.