மூன்றாம் எபிசோடில் எரிந்த டீக்கடை

மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் ஹாலாஸ்யம், ‘கோள் எண் பதினேழு’ என்ற புதிய விண்வெளித் தொடரைப் பார்த்தவர்தான். ஆனால் சும்மா பார்த்தவர். தட்டில் இட்லி இருக்கும்வரை பார்ப்பார். அந்த அளவுக்கு அவருக்கும் சில அபிப்பிராயங்கள் உண்டு. கிராஃபிக்ஸ் பரவாயில்லை. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பிழையில்லாமல் தமிழ் பேசுகிறார்கள். அவ்வளவு பெரிய விண்கலத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றுதான் கடைசிவரை காட்டவில்லை. மூன்றாம் எபிசோடில் தூங்கிவிட்டார்.

இதை வெளியே சொல்ல முடியாது. தொடரைப் பார்க்காத யாரையும் அலுவலகத்தில் அந்த மாதம் மனிதராகவே மதிக்கவில்லை. அதிகாரி மாதங்கி “செம” என்றார். கிளார்க் முத்திருளன் “வேற லெவல் மேடம்” என்றார். ஹாலாஸ்யமும் “அந்த மூணாவது எபிசோட் இருக்கே...” என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாதவர்போலத் தலையை ஆட்டிவைத்தார்.

இந்நிலையில்தான், தொடரில் விண்கலம் வந்திறங்கும் அதே கீழக்குயில்குடியிலிருந்து ஜலீல் தன் டீக்கடை உரிமத்தைப் புதுப்பிக்க மனுவோடு வந்தார்.

மாதங்கி நிமிர்ந்தார். “மலையடிவாரத்து டீக்கடையா? அதுமேலதான் விண்கலம் இறங்கி எரிஞ்சுபோச்சே, மூணாவது எபிசோட்ல!”

“எரிஞ்சுபோச்சா? காலையில டீ ஆத்திட்டுத்தானேம்மா வாரேன்.”

“நீங்க சொல்றது வாய்மொழி. அது வீடியோ ஆதாரம். ஸார், நீங்களும் பார்த்தீங்கல்ல?”

ஹாலாஸ்யம் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். “பார்த்தேன் மேடம்.”

முத்திருளனும் பார்த்ததாகத் தலையாட்டினார். ‘மேற்படி கடை தீக்கிரையானதை மூன்று அலுவலர்கள் கண்ணால் கண்டிருப்பதால்’ மனு நிராகரிக்கப்பட்டது.

“உரிமம் இல்லேன்னா திங்கக்கிழமை கடைக்கு சீல் வச்சிருவாங்களேம்மா. இல்லாத கடைக்கு எப்படிம்மா சீல் வைப்பாங்க?”

“அது வேற செக்‌ஷன், பாய்.”

ஜலீல் வீட்டில் ஐந்து பேருக்கு அந்தக் கடைதான் சோறு. படியிறங்கிப் போன அவர் முகம் ஹாலாஸ்யத்தை விடவில்லை. அன்று இட்லியே இறங்கவில்லை. மறுநாள் காலை ஸ்கூட்டரில் கீழக்குயில்குடிக்குப் போய் வந்து அறிக்கை எழுதினார்: ‘கடை உள்ளது. டீ அருந்தினேன். சர்க்கரை சற்று அதிகம்.’

“எரிஞ்ச கடையில எப்படி ஸார் டீ குடிச்சீங்க?” என்றார் மாதங்கி.

“மேடம், நான் மூணாவது எபிசோட் பார்க்கலை. தூங்கிட்டேன்.”

முத்திருளன் மெல்ல, “நான் டிரெய்லர்தான் மேடம்” என்றார். இருவரும் மாதங்கியைப் பார்த்தார்கள்.

“யூடியூப்ல பத்து நிமிஷத்துல கதை சொல்றான்ல... டீக்கடைன்னுதான் சொன்னான்” என்று முனகியபடி அவர் உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.

உரிமத்தை வாங்க வந்த ஜலீல் தயங்கி நின்றார். “நான் பத்து எபிசோடும் பார்த்தேம்மா. எரியிறது டீக்கடையே இல்ல.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன பாய்?”

“படிச்சவங்க இம்புட்டுப் பேரு பார்த்தோம்னு சொன்னீங்க. நாந்தான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு வீட்டுக்குப் போயி மறுக்கா பார்த்தேன்.”

“அப்ப எரிஞ்சது எது?”

“ஒரு சர்க்கார் ஆபீஸும்மா. பகல் பதினோரு மணி. உள்ள யாருமே இல்ல. அதனால உயிர்ச்சேதம் இல்ல.”

மாதங்கி குரலைத் தாழ்த்தினார். “ஃபைலெல்லாம்?”

“அம்புட்டும் சாம்பல்.”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் போனை எடுத்து, மூன்றாம் எபிசோடைத் தேட ஆரம்பித்தார்கள்.