ஒரு வார்த்தையும் விடாமல்

ஒழுங்கான மனிதர்களால் வரும் கேடு, முன்னேற்பாடுகளோடுதான் வரும். நான் தினமும் டைரி எழுதுகிறவன். மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குகிறவன். (என் மனைவி சுமதி உடனே கலைத்துவிடுவாள். அது தனிக் கதை.)

எங்கள் மகள் யாழினிக்கு டிஸ்லெக்சியா. பேச்சில் புலி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. நாட்டின் தலைநகரில், கோல் மார்க்கெட் பகுதியில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில், வரவேற்புரைக் காகிதத்தோடு மேடையேறியவள் முதல் வரியிலேயே திக்கி நின்றுவிட்டாள். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்ததும் இறங்கி ஓடிவிட்டாள். அதன்பின் வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. அடுத்த பொங்கல் நெருங்கியபோது அவளே வந்து நின்றாள்.

"அதே மேடையில நான் பேசணும்ப்பா."

அவளுடைய சிறப்பு ஆசிரியையிடம் கேட்டேன். "காதால படிக்கட்டும் சார். நீங்க பேசி ரெகார்ட் பண்ணிக் குடுங்க. எழுத்துப் பயிற்சி அது பாட்டுக்கு நடக்கும்," என்றார்.

உரையைப் பேசிப் பதிந்தேன். நடுவில் இடைஞ்சல்கள். மறுபடி பதிந்தேன். யாழினிக்கு அனுப்பிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன்: "இதுல இருக்கிறதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தைகூட விடக்கூடாது."

பள்ளி விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பால்கனியில் நடப்பாள். முணுமுணுப்பாள், நிற்பாள், முதலிலிருந்து தொடங்குவாள். ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டால், "மேடையில கேளுங்க," என்பாள்.

விழா அன்று கையில் காகிதம் இல்லாமல் நிமிர்ந்து நின்றாள். "தலைநகரில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்." கணீரென்று வந்தது. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க மூச்சு விட்டுக்கோ," என்றாள் யாழினி, மைக்கில்.

எனக்கு மூச்சு நின்றது. நல்ல பதிவு என் போனிலேயே பத்திரமாக இருந்தது. அவளுக்குப் போனது முதல் பதிவு.

"உழவருக்கு நன்றி சொல்லும் இந்நாளில், பையா, மட்டர் கைஸே தியா? இத்னா மெஹங்கா? ரஹ்னே தோ."

பதிவின்போது ஜன்னல் வழியே பட்டாணிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசி, விலை அதிகம், வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்து நான் பேசியதும். எழுந்து இரு கைகளையும் ஆட்டினேன். சத்தம் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, குரலை உயர்த்தினாள்.

"அடுத்து நம் குடியிருப்பின் அன்புத் தலைவர் உரையாற்றுவார். சுமதி, அந்த ஆள் மைக்கைப் பிடிச்சா சாப்பாடு ஆறிடும்டி. சரி, இதை அழிச்சிட்டு மறுபடி பேசணும்."

கைகூப்பி முடித்தாள்.

அரங்கம் அதிர்ந்தது. என் கண் தலைவரிடம் போகவில்லை, மகளிடம்தான் போனது. போன முறை ஒரு வரிசை சிரித்ததற்கே ஓடியவள். இம்முறை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "நன்றி," என்று சொல்லிவிட்டு நிதானமாக இறங்கினாள்.

தலைவர் மைக்கை வாங்கினார். "சாப்பாடு சூடா இருக்கு. போலாம்," என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?" என்று வீட்டில் கேட்டேன்.

"நீங்கதானே ஒரு வார்த்தையும் விடக்கூடாதுன்னீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "சிரிச்சாங்க. ஆனா முடிச்சேன்ல?" என்றாள்.

இப்போது அவள் பாடங்களை எல்லாம் நான்தான் பேசிப் பதிகிறேன். அதைக் கேட்டபடி வரிகளில் விரலை ஓட்டி வாசிக்கிறாள், மெதுவாக, விடாமல். வகுப்பில் கையும் தூக்குகிறாளாம். நான் போனை எடுத்தால் போதும், வீட்டில் ஜன்னல்கள் சாத்தப்படும். நேற்று வரலாற்றுப் பாடம். தொடங்கும் முன் யாழினி எச்சரித்தாள்:

"அப்பா, அக்பரைப் பத்தி உங்க சொந்த அபிப்பிராயம் எதுவும் வேணாம்."