நீங்கள் அடித்துக் கொடுத்த பயோடேட்டா

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அண்ணனுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒரு மன்னிப்பும் ஒரு நல்ல செய்தியும் இருக்கின்றன. மன்னிப்பை முதலில் கேட்டுவிடுகிறேன். நீங்கள் அந்தக் காலத்தில் எனக்கு டைப் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவை மாற்றிவிட்டேன்.

மருத்துவமனையில் சலவைப் பிரிவை மூடித் துணியையெல்லாம் வெளி ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னதும், "அம்பத்திரண்டு வயசுல இனி உன்னை யாரு கூப்பிடப் போறா, நிம்மதியா வீட்டுல இரு" என்றீர்கள். அந்த நிம்மதியை என்னால் நாலு மாதத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. வீட்டிலுள்ள திரைச்சீலைகளை மூன்று முறை துவைத்தேன். நாலாவது முறை கழற்றப் போனபோது உங்கள் மாப்பிள்ளை ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றார். அதனால் பீரோவிலிருந்து உங்கள் பயோடேட்டாவை எடுத்து, நகல் போட்டு ஏழு இடங்களுக்கு அனுப்பினேன். அதில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. வயது இருபத்தைந்து, எடை நாற்பத்து நாலு கிலோ, மணமாகாதவர், பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பு என்று எல்லாம் அப்படியே இருந்தன. தபால்தலை சேகரித்தது நீங்கள்தான், இருந்தாலும் நீங்கள் போட்டது போட்டதுதான் என்று விட்டுவிட்டேன். ஆறு இடத்தில் பதிலே இல்லை. ஏழாவது இடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என் குரலைக் கேட்டதும், "உங்க பொண்ணுகிட்ட குடுங்கம்மா" என்றார். நானும் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் பேசிய பிறகு மகள் எனக்கு வந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இதை நவீனமாக்க வேண்டும் என்று எங்கள் தெருமுனைக் கணினிக் கடைக்காரரிடம் போனேன். அவர் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒன்று செய்து, என் படத்துக்குக் கோட்டு மாட்டிவிட்டு, துவைத்தலுக்கு ஐந்து நட்சத்திரமும் பேச்சுக்கு மூன்று நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தார். பேச்சுக்கு ஏன் மூன்று என்று அரை மணி நேரம் கேட்டேன், நாலாக்கினார். ஆனால் அந்த மாதிரிப் படிவத்தில் ஏற்கெனவே இருந்த வேறு யாரோ ஒருவரின் வரியை அழிக்க மறந்துவிட்டார். நானும் நீலத்தைப் பார்த்த மயக்கத்தில் படிக்காமல் அனுப்பிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, நீச்சல் பயிற்சியாளராக எட்டு வருஷம் இருந்திருக்கிறீர்களே, எப்போது வந்து சேரலாம் என்றார்கள். இருபத்தாறு வருஷம் தண்ணீரோடுதான் இருந்தேன், ஆனால் உள்ளே இறங்கியதில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் அழுதேன், அண்ணா. வெங்காயம் நறுக்குகிற சாக்கில்தான். மகள் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள்.

"அங்க தினமும் என்னம்மா பண்ணே?"

"துணி துவைச்சேன்."

"எவ்வளவு துணி?"

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் உருப்படி இருக்கும்."

"நீ ஒருத்தியேவா?"

"எனக்குக் கீழ பதினாலு பேர் இருந்தாங்கடி."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

பிறகு அவள் கேட்கக் கேட்க எனக்கே ஞாபகம் வந்தது. ஒரு தடவை பாய்லர் பழுதாகி மூன்று நாள் கிடந்தபோது, பக்கத்துத் தொழிற்சாலையின் கொதிகலனை இரவல் கேட்டு, வேனில் துணியை ஏற்றிப் போய்க் கொதிக்க வைத்து வந்தோம். அந்த மூன்று நாளில் ஒரு ஆபரேஷன்கூடத் தள்ளிப் போகவில்லை. அதைச் சொன்னதும் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "இத்தனை வருஷமா நீ சோப்புப் போடுற வேலைன்னுதான் நெனச்சேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கடைசியில் அவள் எடுத்துத் தந்தது ஒரே பக்கம். நீலம் இல்லை, நட்சத்திரம் இல்லை, எடை இல்லவே இல்லை.

அதை அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு பெரிய தங்கும் விடுதியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "எங்ககிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"வெளிய கை துடைக்க ஒரு துண்டு தொங்குதே சார், அதை எத்தனை தடவை அலசுறாங்க?"

"ஏன்?"

"அட்டை மாதிரி இருக்கு. சோப்பு போகல."

அவர் என்னை அப்படியே கீழே சலவை அறைக்கு அழைத்துப் போனார். இயந்திரத்தின் வாய்வரை துணி திணித்திருந்தார்கள், தண்ணீர் புரள இடமில்லை. மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுக்கச் சொல்லி, மறுபடி அலசி உலர்த்த வைத்தேன். நாங்கள் எல்லோரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தோம். மேலாளர் சூடாக வந்த முதல் துண்டை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் புதைத்தார். வெளியே வரவே கொஞ்ச நேரம் ஆனது.

"நாளைக்கே சேர முடியுமா?"

"திங்கக்கிழமை வரேன் சார்" என்றேன். நாளைக்கே வருகிறேன் என்று வாய்வரை வந்ததை நான் விழுங்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நான் அங்கே சலவைப் பிரிவின் தலைமைப் பொறுப்பாளர். என் மேசையில் என் பதவி எழுதிய பலகை இருக்கிறது, தினமும் நானே துடைக்கிறேன். உங்கள் கைப்பட்ட காகிதத்தை மாற்றியதற்குக் கோபிக்க வேண்டாம். இனி யாருடைய பயோடேட்டாவிலும் கை வைக்க மாட்டேன், இது சத்தியம். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை,
தலைமைப் பொறுப்பாளர், சலவைப் பிரிவு

பி.கு.: உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் கிளையில், விருந்தினர் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைக் கவனிக்க, ஓய்வு பெற்ற, கண்டிப்பான ஒருவர் தேவையாம். உங்களுக்கு ஒரு பயோடேட்டா தயாரித்து அனுப்பிவிட்டோம். வீட்டில் எல்லோரிடமும் நீங்கள் குறை கண்டுபிடிப்பதை "தர ஆய்வில் நாற்பது ஆண்டு அனுபவம்" என்று மகள் போட்டிருக்கிறாள். படம் கொடுத்தது அண்ணி. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வேலை என்றதும், ஞாயிற்றுக்கிழமையும் உண்டா என்று அண்ணிதான் கேட்டார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல். சட்டையைத் தேய்த்து வைத்தாயிற்றாம்.