கண்ணுக்குக் கொடுத்த ஓய்வு

"இன்னையிலிருந்து நான் கம்ப்யூட்டருக்கு அடிமை இல்லை!" என்று முழங்கினேன். பல் தேய்த்துக்கொண்டே முழங்கியதால் பாதி நுரையாகப் போய்விட்டது.

"வாயைக் கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

கொப்புளித்துவிட்டுச் சொன்னேன். வீட்டிலிருந்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். நிரந்தரமாக இருப்பது வாராவாரம் எழுதும் ஒரே ஒரு பத்தி. அதற்கும் எடிட்டர் வேட்டு வைக்கப் பார்க்கிறார். "சார், உங்க எழுத்துல ஜீவனே இல்லை. அடுத்ததும் இப்படின்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்." ஜீவனை உறிஞ்சியது கம்ப்யூட்டர் திரைதான் என்று கண்டுபிடித்தேன். என் மேல் தப்பு இருக்க வாய்ப்பே இல்லையே!

"அடிக்கடி எழுந்து போகணும். கண்ணுக்கு ஓய்வு, மூளைக்குச் சுறுசுறுப்பு."

"எதுக்கு அடிக்கடி? ஒரேயடியா எழுந்திருங்க. பால்கனியில நாற்காலி போடறேன். பேனாவால பேப்பர்ல எழுதிக் குடுங்க. நான் டைப் அடிச்சு அனுப்பிடறேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். உருகித் தொலைத்தேன்.

பால்கனியில் உட்கார்ந்து எழுதினேன். எதிர் மாடியில் காயும் துணிகளைப் பார்த்தேன். மறுபடி எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. அச்சில் வந்தால் என் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன்.

எடிட்டர் போன் செய்தார். "பிரமாதம் சார்! திடீர்னு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஓய்வு சார், ஓய்வு!" என்றேன். மனைவியிடமும் அரை மணி நேரம் ஓய்வின் மகிமையை விளக்கினேன்.

"ஆமாங்க. நல்லா ஓய்வெடுங்க," என்றாள்.

அடுத்த வாரம் எடிட்டர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "பொண்டாட்டி காய் நறுக்கறப்ப வந்து நின்னு, 'சத்தம் போடாதே, நான் யோசிச்சிட்டிருக்கேன்'னு சொல்றானே ஒரு புருஷன்! எங்க சார் புடிச்சீங்க அவனை?"

எந்தப் புருஷன்? நான் எழுதியது மன அமைதியைப் பற்றி!

பத்திரிகையைத் திறந்தேன். மேலே என் பெயர். கீழே நான். பல் தேய்க்கும் நுரையோடு, அச்சு அசலாக நானேதான். படிக்கப் படிக்க எனக்கே சிரிப்பு வந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். "நான் எழுதின பேப்பரெல்லாம் எங்கே?"

கரண்டியால் அலமாரியைக் காட்டினாள். டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தது என் மன அமைதி. அதன் மேல் எண்ணெய்க் கறை.

"எழுத்தாளன்டி நான்!"

"யாரு இல்லேன்னா? உங்க பேரைத்தானே போட்டிருக்கு."

"என் வேலையைப் பறிச்சிட்டே!"

"போக இருந்த வேலையைப் புடிச்சு வெச்சிருக்கேன்."

நியாயம் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

"இந்த வாரம் நானே எழுதி, நானே டைப் அடிச்சு, நானே அனுப்பறேன். பார்த்துடலாம் ஒரு கை!"

"தாராளமா," என்றாள்.

திரையை விட்டு அசையாமல் நாள் முழுக்க எழுதினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் திருப்பிப் படித்தும் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அனுப்பினேன்.

மறுநாள் எடிட்டர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிக்கிற குரல்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா? இதைப் போட வேணாம், உங்க பேர் கெட்டுடும். கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு, பழையபடி எழுதி அனுப்புங்க."

போனை வைத்தேன். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நாற்காலியை நான் எடுக்கவே இல்லைங்க. பால்கனியிலேயேதான் இருக்கு," என்றாள்.