மலாகாவைத் தோற்கடித்த பட்டியல்

"இந்தத் தடவை எந்த விமான நிலையத்துல இறங்குறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஓட்மார் அறிவித்தார். எழுந்து நின்று அறிவித்தார். உட்கார்ந்து சொன்னால் எடுபடாத விஷயங்கள் சில உண்டு. அவர் மனைவி ரோஸ்வித்தா அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"சரி" என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். முடிவு பண்ணு."

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு மலிவாக ஒரு சரி அவருக்குக் கிடைத்ததில்லை. லேசாகச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் கிடைத்ததைப் பத்திரப்படுத்திக்கொண்டு மேஜைக்குப் போனார்.

மே மாதம் பத்து நாள் ஆண்டலூசியாவைச் சுற்றுவதாக ஏற்பாடு. ஸ்பெயின் தேசத்தின் தெற்குக் கோடி. ஓட்மாரின் ஆராய்ச்சிப்படி அங்கே இறங்கத் தோதான இடங்கள் மூன்று: மலாகா, செவில், ஹெரேஸ். மற்றவர்களாயிருந்தால் எது மலிவு என்று பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு பீர் குடிக்கப் போயிருப்பார்கள். ஓட்மார் அப்படிப்பட்டவர் அல்லர். ஜெர்மனியில் ராய்ட்லிங்கன் நகரத்து வாகனப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் கல்யாணத்துக்கு வந்த பூ வைத்த காரையே பிரேக் சரியில்லை என்று திருப்பியனுப்பி, மணப்பெண்ணை நகராட்சி அலுவலகம் வரை நடத்திக் கூட்டிப்போன மனுஷர். அப்பேர்ப்பட்டவர் ஒரு விமான நிலையத்தைச் சும்மா தேர்ந்தெடுப்பாரா? பட்டியல் போட்டார். இடப்பக்கம் பதினான்கு தகுதிகள். மேலே மூன்று ஊர்கள். ஒவ்வொரு தகுதிக்கும் இவ்வளவு எடை, ஒவ்வொரு ஊருக்கும் இவ்வளவு மதிப்பெண், கடைசியில் கூட்டுத்தொகை.

பட்டியலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். அவர் பெயர் லோதர். ரோஸ்வித்தாவின் தங்கை கிஸெலாவின் புருஷன். ஆகவே ஓட்மாருக்குச் சகலை. ஓய்வுக்குப் பிறகு கிஸெலாவும் லோதரும் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார்கள். மலாகாவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் வீடு பிடித்தார்கள். மே பதினாறு கிஸெலாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஓட்மாரின் ஊர்ப்பக்கம் ஐம்பத்தொன்பதுக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு. அறுபதுக்குப் போகாவிட்டால் எழுபது வரை பேசுவார்கள். ரோஸ்வித்தா விடுமுறைத் தேதிகளைக் குறித்தபோது பதினாறு சரியாக இரண்டாம் நாளில் வந்து உட்கார்ந்திருந்தது. மலாகாவில் இறங்கினால் தப்பிக்க வழியே கிடையாது.

லோதரோடு ஓட்மாருக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காரணம் சாதாரணமானதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் விருந்துக்கு வந்திருந்த லோதர், சாப்பாடு முடிந்ததும் உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒன்பது காலி ஒயின் பாட்டில்களைத் தூக்கிப்போய்த் பழைய பாட்டில் போடும் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் ஒவ்வொன்றாக எறிந்தார். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி. ஊரே வாய்பொத்திக் கிடக்கவேண்டிய ஓய்வு நேரம். முதல் பாட்டிலுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. ஒன்பதாவதற்குப் பக்கத்துத் தெரு ஜன்னல்களும் திறந்துவிட்டன. தொட்டியில் 'ஞாயிறு எறியக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டியவரே, குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓட்மார்தான். மறுநாள் தலைவர் பதவி போயிற்று. சத்தத்தைக்கூட அவர் மன்னித்திருப்பார். ஒன்பதும் பச்சைப் பாட்டில். அங்கே நிறத்துக்கு ஒரு தொட்டி; லோதர் எறிந்தது வெள்ளைக் கண்ணாடிக்கான தொட்டியில். கேட்டதற்கு, "உடைஞ்சா எல்லாம் கண்ணாடிதானே சகலை" என்று சிரித்துவிட்டார்.

அன்று ஓட்மார் ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டில் இனி அந்த ஆளின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. ரோஸ்வித்தா எடுக்கவுமில்லை.

முதல் கூட்டலில் மலாகாதான் ஜெயித்தது. நூறு மார்க்கு வித்தியாசம். ஓட்மார் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'அமைதி' என்ற தகுதிக்கு எடையை நாலிலிருந்து நாற்பது ஆக்கினார்.

"என்ன முடிவு வந்துச்சு?" என்று ரோஸ்வித்தா இரண்டு தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் பரிசீலனையில இருக்கு."

"எனக்கென்னமோ மலாகாதான் சரின்னு படுது."

ஓட்மார் காதைத் தீட்டிக்கொண்டார். "ஏன்?"

"கடல் பக்கம். விமானம் நிறைய. இறங்கினதும் பஸ்."

"பஸ் எங்க போகும்?"

"எங்கயாவது போகும். கிழக்குப் பக்கமாக்கூடப் போகும்."

கிழக்குப் பக்கம் யார் வீடு என்று ஓட்மாருக்குத் தெரியாதா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். "மலாகா பெரிய நிலையம். விமானத்துலேருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும் தெரியுமா? உன் முழங்கால் என்ன ஆகிறது?"

"என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"இப்ப நல்லா இருக்கு. மேலே என்ன ஆகுமோ." முழங்காலுக்கு ஒரு தனி வரி போட்டார்.

ரோஸ்வித்தா ஒரு கரண்டி பருப்பை மெதுவாக விழுங்கினாள். "சரி, செவில்? அங்கேருந்து நல்ல ரயில் இருக்காம். மலாகாவுக்கு ரெண்டு மணி நேரத்துல போயிடலாமாம்."

செவிலின் மதிப்பெண் அந்த நிமிஷமே முப்பது குறைந்தது.

"அப்ப மிச்சம் ஹெரேஸ்" என்றார் ஓட்மார்.

"ஐயோ, ஹெரேஸா?" ரோஸ்வித்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க எதுக்கு? குட்டி ஊர். குட்டி நிலையம். கிஸெலா வீட்டுலேருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி."

அவள் சொன்னது அவர் காதில் சங்கீதமாக விழுந்தது. "கிஸெலா வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது விஞ்ஞானம். குட்டி நிலையம்னா கொஞ்ச நடை. கொஞ்ச வரிசை. நிறைய அமைதி."

"அமைதிக்கு நாற்பதா?"

"அறுபது வயசுக்கு மேல அமைதிதான் எல்லாம்."

"ஓட்மார், ஒண்ணு சொல்றேன். எங்க வேணும்னாலும் இறங்கு. ஹெரேஸ் மட்டும் வேண்டாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கியிருந்தாள் என்பது ஓட்மாருக்கு ஞாபகம் வரவில்லை. வெற்றி பெறுகிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வராது.

ஹெரேஸ் நானூற்றுப் பன்னிரண்டு. செவில் முந்நூற்று நாற்பது. மலாகா இருநூற்றுச் சொச்சம். அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மாற்றவும் திருப்பவும் முடியாத டிக்கெட்டாக அன்று சாயங்காலமே எடுத்தார், அதில் ஆளுக்கு முப்பத்தெட்டு யூரோ மிச்சம் என்பதால். அவர் வளர்ந்த ஊர்ப்பக்கம் உயிரை விடுவார்களே தவிர, காசு கொடுத்த டிக்கெட்டை விடமாட்டார்கள்.

"பிறந்தநாளுக்கு ஒரு போன் பண்ணிடலாம்" என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

"பண்ணிடலாம்" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

மே பதினைந்து. ஹெரேஸில் விமானம் இறங்கியது. எண்ணி நூற்று நாற்பது தப்படியில் பெட்டி வரும் இடம். ஓட்மார் ஒவ்வொரு தப்படியையும் வாய்விட்டு எண்ணினார். "பாத்தியா? பாத்தியா?" பெட்டிகள் அவர்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தன. இவ்வளவு சந்தோஷத்தோடு அவர் கதவைத் தாண்டி வெளியே வந்ததும், எதிரே கையில் பூங்கொத்தோடு லோதர் நின்றுகொண்டிருந்தார்.

அதே குட்டை உருவம். அதே வட்டத் தொப்பை. தொப்பி மட்டும் புதிது.

ஓட்மார் செய்த முதல் காரியம் ஒளிந்துகொண்டது. குட்டி நிலையம், ஒளிய ஒரே ஒரு தூண்தான் கண்ணில் பட்டது. பாய்ந்து அதன் பின்னால் போனார். அங்கே லோதர் ஏற்கெனவே ஒளிந்திருந்தார். ஓட்மாரைப் பார்த்த மாத்திரத்தில் அவரும் அதே தூணைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

"நீ எங்கே இங்கே?" என்றார் ஓட்மார்.

"நான் இங்கதான் குடியிருக்கேன். நீ எங்கே இங்கே? ரோஸ்வித்தா தனியா வர்றா, உனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு கிஸெலா சொன்னாளே."

"எனக்கு என்ன இடுப்புப் பிடிப்பு? நீ மலாகாவுக்கு அந்தப் பக்கம்ல இருந்தே?"

"நவம்பர்லயே வீடு மாத்தியாச்சு. உனக்குத் தெரியாதா?"

இருவரும் தூணுக்கு இரண்டு பக்கமும் தலையை நீட்டி ரோஸ்வித்தாவைப் பார்த்தார்கள். லோதர் போட்டுவிட்டு ஓடிய பூங்கொத்தை அவள் எடுத்து மோந்துகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஓட்மார் மனைவியைக் கேட்டார். குரல் கீச்சென்று வந்தது.

"எப்படிச் சொல்றது? இவர் பேரை வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே. புது விலாசத்துல முதல் வரியே இவர் பேர்தான்."

திரும்பிப் போகலாமென்றால் டிக்கெட் பத்து நாள் கழித்துத்தான். ஓட்மார் காரின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லோதர் ஓட்டினார். ரோஸ்வித்தா முன்னால் உட்கார்ந்து, வழியிலிருந்த திராட்சைக் கொடித்தோட்டங்களைப் பற்றி இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசிக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் ஆண்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷ மௌனம் பழகிப்போயிருந்தது; இன்னும் முப்பது வருஷத்துக்குக்கூடத் தாங்கும்.

ஆனால் காரின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மெல்லிய உறுமல். இடப்பக்கம் வளைந்தால் அடங்கும். வலப்பக்கம் வளைந்தால் கூடும். ஓட்மார் பல்லைக் கடித்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். ஐந்தாவது வளைவில் தாங்க முடியவில்லை.

"இடது பக்கப் பின்சக்கரம். பேரிங்."

லோதர் சடாரென்று வண்டியை ஓரங்கட்டினார். "என்ன சொன்னே?"

"பேரிங் போயிடுச்சுன்னேன். இந்த வண்டிக்கு எவன் தகுதிச் சீட்டுக் கொடுத்தான்?"

"நாலு மாசமா நாலு மெக்கானிக் பாத்தாச்சு சகலை. ஒருத்தன் டயர்ங்கிறான், ஒருத்தன் என் காதுலதான் கோளாறுங்கிறான்."

"ஜாக்கி இருக்கா?"

ஆலிவ் மரத்தடியில் வண்டியைத் தூக்கினார்கள். ஓட்மார் கோட்டைக் கழற்றி ரோஸ்வித்தாவிடம் கொடுத்துவிட்டு மண்டி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். லோதரின் கையைப் பிடித்து இழுத்து அச்சில் வைத்து, "இப்ப உணர்றியா? கரகரன்னு வருதா?" என்றார். லோதர் கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்தார். "வருது" என்றார் பக்தியோடு. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார்.

"அந்தப் பாட்டில் விஷயம்" என்றார் பிறகு.

ஓட்மார் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை எறிஞ்சது தப்பு."

"மணி?"

"ஒன்றரை. அதுவும் தப்பு."

"நிறம்?"

லோதர் தொப்பியைக் கழற்றினார். "பச்சையைப் பச்சையிலதான் போட்டிருக்கணும்."

மூன்று வருஷமாக ஓட்மார் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அதுதான். சக்கரம் தானாக நின்றது. அவர் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு சகலைக்கு நீட்டினார். மீதி தூரத்துக்கு அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தார். ரோஸ்வித்தா பின்னால் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தாள்.

கிஸெலா வாசலில் நின்றாள். தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். புருஷர்கள் இருவரும் ஒரே காரிலிருந்து பேசிக்கொண்டே இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கிஸெலாவுக்கு மூச்சு வந்தது. நாளைய விருந்துக்கு முப்பது பேர் வருகிறார்களாம். அவர்களில் யார் வராவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

சாப்பிடும்போது ஓட்மாருக்குப் பழைய தெம்பு முழுவதும் திரும்பிவிட்டது. இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு எழுந்து நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும். எல்லாரும் மலாகா மலாகான்னாங்க. இவகூட அழுதா. நான் அசையல. பதினாலு தகுதி. ஆற அமரக் கூட்டிப் பாத்தேன். ஹெரேஸ்னு முடிவு பண்ணினேன். அன்னைக்கு நான் அப்படி முடிவு பண்ணலைன்னா இன்னைக்கு நாம இப்படி ஒரு மேஜையில உக்காந்திருப்போமா?"

"உக்காந்திருக்கவே மாட்டோம்" என்றாள் ரோஸ்வித்தா, அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்து.

லோதர் கை தட்டினார். கிஸெலா இருமினாள். பிறகு, படுக்கும் அறையைக் காட்டுகிறேன் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போனாள்.

ஓட்மார் ஆறடி ஐந்து அங்குலம். பிறர் வீட்டுக் கட்டிலில் அவர் படுத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் வெளியேதான் தங்கும். அந்த அறையில் கிடந்தது கட்டில் அல்ல, ஓடம். படுத்துப் பார்த்தார். தலைமாட்டில் ஒரு சாண், கால்மாட்டில் ஒரு சாண் மிச்சம். குதிகால் மெத்தைமேல் இருந்தது. சொந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய குதிகாலுக்கு அந்த சுகம் கிட்டியதில்லை.

"அருமையான கட்டில்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "சொந்தமா செய்யச் சொன்னதா?"

"ஆமா அத்தான். உங்களுக்காகத்தான். எதுக்கு இவ்வளவு நீளம்னு லோதர் கேட்டார். ஸ்பெயின்ல இதுதான் அளவுன்னு சொல்லிவச்சேன்."

ஓட்மார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஹெரேஸ்னு நான் முடிவு பண்ணினதே மார்ச் மாசம் கடைசியில. அதுக்குள்ள எப்படி இவ்வளவு சீக்கிரம் செஞ்சு வாங்கினே?"

"சீக்கிரமா? அந்தத் தச்சன் நாலு மாசம் இழுத்தடிச்சுட்டான் அத்தான். அக்கா ஜனவரி ரெண்டாம் தேதியே உங்க அளவைப் போன்ல சொல்லிட்டாளே."