கப்பல் சுட்ட கேக்

நாய் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிற மாதிரி மீன் குழம்பு வைத்த ஆள் எங்கள் குப்பத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் கப்பல். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

நெம்மேலிக்குத் தெற்கே, கடலோரம் எங்கள் குப்பம். அவர் வீட்டுக்கு அடுத்தது என் வீடு. ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனோம். மீன் பிடிப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கரைக்கு வந்து அடுப்பு மூட்டினால்தான் ஆபத்து.

வயசுக் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் பதினோரு மாதம் வேலை பார்த்தார். சமையல்கட்டில் வெங்காயம் உரித்தார். அவ்வளவுதான். ஆனால் அவர் வாயில் அந்த வேலை வளர்ந்துகொண்டே போனது. முதலில் குக்குக்கு உதவி. அப்புறம் குக்கு. எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் கேப்டனே இவரைக் கேட்டுத்தான் சாப்பிட்டார்.

ஒரு நாள் கடலுக்குப் போகும்போது சோறு அவர் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேர். ஒரு வாய் வைத்தோம். நானும் இன்னொருத்தனும் துப்பினோம்.

"இன்னா அண்ணாத்த, இம்மாம் உப்பு?"

"கடல் தண்ணியிலயே ஆக்கினேன். அதுலயே உப்பு கீது. தனியா இன்னாத்துக்குப் போடணும்? கப்பல்ல இப்படித்தான்."

அவர் மட்டும் முழுசாகச் சாப்பிட்டார். எங்கள் பங்கு மீனுக்குப் போனது. அன்றைக்கு மீனும் சரியாகக் கிடைக்கவில்லை.

மனைவி இருந்தவரை அவரை அடுப்புப் பக்கம் விடவில்லை. காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஒரே பெண், செல்வி. அப்போது ஐந்து வயசு. பெரியம்மா ராஜாத்தி பெண்ணைச் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. கொஞ்ச நாள் என்றுதான் பேச்சு. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு தடவை கப்பல் போய்ப் பெண்ணைக் கூட்டி வந்து பத்து நாள் வைத்திருந்தார். வயிற்றுப்போக்கோடு திரும்பிப் போனது.

அப்புறம் ராஜாத்தி புருஷனுக்கு ஆந்திரா பக்கம் மாற்றல் வந்தது. செல்வி யாரோடு இருப்பது என்று பேசக் கப்பலும் நானும் போனோம்.

ராஜாத்தி கெட்டவள் இல்லை. "தம்பி, உன் பொண்ணுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ இன்னா ஆக்கிப் போடுவ?" என்றாள்.

"இன்னா வோணும்னு சொல்லுக்கா. கேக்கு கூட சுடுவேன்."

செல்வி குதித்தது. ரொட்டிக் கடைக் கண்ணாடிக்குள் மட்டுமே கேக்கைப் பார்த்த பெண். "கேக்காப்பா? நெசமாவா?"

"அடுத்த ஞாயித்துக்கெயம எட்துகினு வரேன். எல்லாரும் துன்னு பாருங்க. நல்லா இருந்தா எம் பொண்ண எங்கூட அனுப்பு."

ராஜாத்தி கொஞ்சம் யோசித்தாள். சரி என்றாள்.

ரசம் என்று சொல்லியிருக்கலாம். ரசத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மைதா, சர்க்கரை, டால்டா, ஆப்ப சோடா எல்லாம் வாங்கினார். தலையில் வெள்ளைத் துண்டைத் தொப்பி மாதிரிக் கட்டினார். முட்டைதான் பாக்கி. அது மாசி மாசம், ஆமை கரையேறி முட்டை வைக்கிற காலம். அந்த நாளில் நாங்கள் தின்போம். இப்போது சட்டப்படி அதைத் தொடக்கூடாது. விடியற்காலையில் தடம் பார்த்துப் போய் ஒரு கூடை தோண்டி வந்தார்.

"கோயி முட்ட வாங்கு அண்ணாத்த. ஆம முட்டைல வெள்ள இறுகாது. எம்மாம் நேரம் வேவ வெச்சாலும் தண்ணியாத்தான் நிக்கும். உனக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"டேய், அது வேவ வெச்சா. இது சுடறது. வேவறது வேற, சுடறது வேற. முட்ட எத்தினி போடறமோ அத்தினி பொங்கும் கேக்கு. கோயி முட்ட நீ எத்தினி போடுவ? நாலு. நான் நாப்பது போடறேன்."

நாற்பது போட்டார்.

பெரிய டால்டா டப்பாவில் மாவை ஊற்றினார். அண்டா நிறைய மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் டப்பாவைப் புதைக்க வேண்டும் என்றார். அது சரியான முறைதான். ஆனால் மணலை அலைக்குப் பக்கத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். ஈர மணல். அண்டா புகைந்தது. கிளிஞ்சல் பட் பட்டென்று வெடித்தது. மணலுக்குள் இருந்த நண்டு ஒன்று மேலே ஏறி வந்தது. டப்பா விளிம்பில் நின்று உள்ளே பார்த்தது. குதித்து ஓடிவிட்டது.

"அண்ணாத்த, நண்டுக்கே புடிக்கல!" என்று வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்.

"போடி. நீ கேக்க கண்ல பாத்துக்கிறியா?"

மூடி மேல் கனன்ற சவுக்குக் கரியை நிரப்பினார். மூன்று மணி நேரம். மேலே கறுப்பாக ஓடு மாதிரி இறுகியிருந்தது. விரலால் தட்டினார். டொக் டொக் என்றது.

"கேட்டியா? வெந்துச்சு."

கிளம்பும் முன் வீட்டைக் கூட்டினார். செல்விக்கு வாங்கிய புதுப் பாயைச் சுவரோரம் விரித்துவிட்டு வந்தார்.

கால்வாயைத் தாண்டித் திருப்போரூரில் செங்கல்பட்டு பஸ் பிடித்தோம். டப்பா அவர் மடியில். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே சளக் சளக் என்றது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

செல்வி துணிமணியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

ராஜாத்தி டப்பாவைத் தட்டின் மேல் சாய்த்துக் கத்தியை வைத்தாள். கறுப்பு ஓடு உடைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மஞ்சளாக வழிந்து, தட்டை விட்டு இறங்கித் தரையில் ஓடியது. ஆமை வாடை வீடு முழுக்க.

"அப்பா, கேக்கு ஓடுது!" செல்வி கை தட்டிச் சிரித்தது. ராஜாத்தி புருஷன் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகக் கப்பல் சிரித்தார். "கப்பல்லகூட ஒரு தபா..." என்று ஆரம்பித்தார்.

செல்வி ஒரு விரலால் தொட்டு நக்கப் போனது. ராஜாத்தி கையைப் பிடித்தாள். "வாணாம்மா. வயித்துக்கு ஆவாது." மெதுவாகத்தான் சொன்னாள். தரையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, புள்ள மேல உனக்கு உசுரு. எனக்குத் தெரியும். ஆனா அது எங்களோடவே வரட்டும்."

ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிற மனிதர். "செரிக்கா" என்றார்.

ராஜாத்தி பையிலிருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அப்போதுதான் செல்விக்குப் புரிந்தது. அழுதது. கப்பல் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ரயிலில் அவர்கள் போனார்கள்.

அதற்கப்புறம் கப்பல் கேக் சுடுவதை விடவில்லை. கோழி முட்டைக்கு வந்தார். பாலாற்று மணல் கொண்டுவந்து காயவைத்தார். செங்கல்பட்டு ரொட்டிக் கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் வருஷம் சுட்டதெல்லாம் கல். அடுத்த வருஷம் களி. மூன்றாம் வருஷம் பதம் வந்துவிட்டது. அன்றைக்கே சட்டை மாற்றிக்கொண்டு ஆந்திராவுக்கு ரயில் ஏறினார்.

நான்கு நாள் கழித்துத் திரும்பினார். வாசலில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்த, பாப்பா துன்னுச்சா?"

"துன்னுச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

டப்பா மூடியைத் திறந்தார்.

"தேங்க்ஸ்னு சொல்லிச்சு."

எங்கள் வீடுகளில் பெற்றவனுக்கு யாரும் தேங்க்ஸ் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்குத்தான் சொல்வார்கள்.

டப்பாவில் பாதி மீதி இருந்தது. ஒரு துண்டு எடுத்து என்னிடம் கொடுத்தார். தின்றேன். நல்ல கேக். கடையில்கூட அப்படிக் கிடைக்காது.

"நல்லா கீது அண்ணாத்த" என்றேன்.

தான் ஆக்கிய எதையும் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத மனிதர், என் முகத்தைப் பார்த்தார். அவர் மனசு நோகக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டார். டப்பாவை மூடப் போனார்.

கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டேன்.